யாரு கை வச்சது? - காருக்கு அடியில் ஒரு வரலாறு

எங்கள் வீட்டு பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பரைப் பார்த்திருக்கிறீர்களா? என் வீட்டு பைக்கை நீங்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள், உங்கள் வீட்டு பைக்கையே பாருங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் ஐந்து படி. பின்னால் கனமான ஆள் உட்காரும்போது மெக்கானிக் அண்ணன் பிறை வடிவ ஸ்பேனரை மாட்டி, அதை ஒரு படி ஏற்றி விடுவார்.

முதல் வருடம் படிக்கும்போது எனக்கு ஒரு ஆசை. ஸ்பிரிங்கை "டைட்" பண்ணினால் வண்டி ரேஸ் பைக் மாதிரி வளைவில் படுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்கும் நேரம் பார்த்து வேலையில் இறங்கினேன். இடது பக்கம் நாலாவது படிக்கு ஏறிவிட்டது. வலது பக்க வளையம் துருப்பிடித்து அசையவே இல்லை. "சரி, ஒரு பக்கமாவது ஆச்சே" என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வந்து, "வண்டி திருப்பத்துல ஒரு மாதிரி நெளியுதுடா" என்றார். மெக்கானிக் அண்ணன் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாரு கை வச்சது?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மனதிலேயே தங்கிவிட்டது. பிறகு இணையத்தில் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் வீட்டு வாசலிலேயே காரைத் தூக்கி நிறுத்தி சஸ்பென்ஷனைக் கழற்றி மாட்டும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர்கள் கையில் இருந்ததும் அதே பிறை ஸ்பேனர்தான்! இந்தத் திருகு எப்படி வண்டிக்காரன் கைக்கு வந்தது, நடுவில் யார் பிடுங்கிக்கொண்டார்கள், எப்படித் திரும்பி வந்தது என்று தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. பி.காம் படிக்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்கள் கடைசிவரை படிக்கவும். நடுவில் வரி, வர்த்தகப் பேச்சுவார்த்தை எல்லாம் வருகிறது :-)

இரண்டு வேலை, இரண்டு ஆள்

முதலில் ஒரு சின்னப் பாடம். சக்கரத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் இரண்டு ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் ஸ்பிரிங். அவர் வேலை எடையைத் தாங்குவது, பள்ளம் மேடு வந்தால் அமுங்கிக் கொடுப்பது. இன்னொருவர் ஷாக் அப்சார்பர். பெயர்தான் அதிர்ச்சியை வாங்குபவர் என்று இருக்கிறது. உண்மையில் அதிர்ச்சியை முதலில் வாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எகிறும், மறுபடி அமுங்கும், மறுபடி எகிறும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஷாக் போன பழைய கார் ஒரு வேகத்தடையைத் தாண்டியபிறகும் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடிக்கொண்டே போவது இதனால்தான்.

ஸ்பிரிங்கின் சட்டத்தை எழுதியவர் ராபர்ட் ஹூக். எவ்வளவு இழுக்கிறோமோ அதற்கேற்ற விசை என்ற தன் கண்டுபிடிப்பை வேறு யாரும் தட்டிக்கொண்டு போகக்கூடாது என்று 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிராக வெளியிட்டார். 1678-ல்தான் விடையைச் சொன்னார். காப்பிரைட் பயம் அப்போதே இருந்திருக்கிறது!

குதிரை வண்டிக் காலத்தில் இருந்தது பட்டை ஸ்பிரிங். லாரிக்கு அடியில் அடுக்கடுக்காகத் தெரிகிறதே, அதுதான். 1804-ல் லண்டனில் வண்டி கட்டும் ஒபடையா எலியட் என்பவர் முட்டை வடிவில் வளைந்த பட்டை ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். பட்டை ஸ்பிரிங்கில் ஒரு வசதி உண்டு. ஒரு பட்டை இன்னொரு பட்டையோடு உரசுவதால் ஆட்டம் ஓரளவு தானாகவே அடங்கிவிடும். அதனால் தனியாக ஷாக் இல்லாமல் பல காலம் ஓட்டிவிட்டார்கள். மோட்டார் கார் வந்து வேகம் ஏறியபோதுதான் அந்த உரசல் போதாது என்று தெரிந்தது.

திருகு முதலில் நம் கையில்தான் இருந்தது

எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம் இது. சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷன் என்பது ஏதோ நவீன ரேஸ் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். தொடக்ககால ஷாக்குகளே வண்டிக்காரன் சரிசெய்யக்கூடியவையாகத்தான் இருந்தன.

பிரான்சில் ட்ரூஃபோ என்பவர் உருவாக்கி, அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற ஷாக், உராய்வு வகை. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைகள், அவை சேரும் இடத்தில் வட்டத் தகடுகள், நடுவில் ஒரு நட்டு. நட்டை இறுக்கினால் உராய்வு கூடும், தளர்த்தினால் குறையும். அவ்வளவுதான். ரேஸ் ஓட்டுபவரும், பணக்கார வீட்டு டிரைவரும் ஸ்பேனரை எடுத்து தாங்களே திருகிக்கொண்டார்கள்.

ஆனால் உராய்வில் ஒரு குறை. சின்ன மேட்டில் சக்கரம் அசைய வேண்டிய நேரத்தில் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெரிய பள்ளத்தில் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அதே அளவு விசையைத்தான் கொடுக்கும். நமக்குத் தேவை இதற்கு நேர்மாறு: மெதுவாக அசைந்தால் விட்டுக்கொடுக்கணும், வேகமாக அசைந்தால் தடுக்கணும். அதை எண்ணெய் செய்யும். சின்ன ஓட்டை வழியே எண்ணெயைத் தள்ளினால், வேகமாகத் தள்ளத் தள்ள எதிர்ப்பு கூடும். பிரான்சின் மோரிஸ் ஹூதாய் இந்த வழியில் எண்ணெய் ஷாக் செய்தார். ஃபோர்டு 1927 கடைசியில் கொண்டுவந்த மாடல் ஏ காரில் இந்த ஹூதாய் ஷாக்குகள் நான்கு சக்கரத்திலும் வந்தன. அதிலும் ஒரு ஊசி வால்வு உண்டு. திருகினால் இறுக்கம் மாறும். நாற்பது லட்சத்துக்கும் மேல் விற்ற சாதாரணக் குடும்பக் கார் அது!

1930-களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாக்கார்ட், ரோல்ஸ் ராய்ஸ் மாதிரி விலை உயர்ந்த கார்களில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே ஷாக்கின் இறுக்கத்தை மாற்ற ஒரு நெம்புகோல் வந்தது.

சராசரி என்ற கம்பெனித் தீர்ப்பு

அப்புறம் திருகு எப்படி காணாமல் போனது? இங்கேதான் ஒரு வணிகவியல் மாணவனுக்கு வேலை வருகிறது.

ஜெனரல் மோட்டார்ஸில் மோரிஸ் ஆலி என்ற இன்ஜினியர் இருந்தார். ரோல்ஸ் ராய்ஸில் இருந்து 1930-ல் கேடிலாக்குக்கு வந்தவர். அவர் 1932-ல் ஒரு சோதனை வண்டி செய்தார். காரின் முன்னும் பின்னும் இடம் மாற்றக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்குகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கும் வண்டி. உட்கார்ந்து போகிறவனுக்கு எது சுகம் என்பதை விதவிதமாக மாற்றி, உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்தார்கள். அன்றுவரை முன் ஸ்பிரிங் கடினம், பின் ஸ்பிரிங் மென்மை என்பதுதான் வழக்கம். ஆலி அதைத் தலைகீழாக்கினார். முன் சக்கரம் மேட்டில் ஏறிய கொஞ்ச நேரம் கழித்துத்தானே பின் சக்கரம் ஏறும்? பின் ஸ்பிரிங் கொஞ்சம் சீக்கிரம் ஆடினால் முன்னாலிருக்கும் ஆட்டத்தை எட்டிப்பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து மேலும் கீழுமாகப் போகும், வண்டி ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் சாயாது. 1934 கேடிலாக்கில் இதற்காகவே முன் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு வந்தது.

இது பெரிய சாதனை. நான் கிண்டல் செய்யவில்லை. ஆனால் இதன் விளைவு என்னவென்றால், "எது சரி" என்று முடிவு செய்யும் இடம் வீட்டு வாசலில் இருந்து கம்பெனி சோதனைத் தளத்துக்குப் போய்விட்டது. லட்சக்கணக்கில் விற்கும் காருக்கு யாருடைய ருசியைப் பார்ப்பது? அறுபது வயது தாத்தாவும் ஓட்டுவார், குழந்தைகளோடு ஐந்து பேரும் போவார்கள், தனியாக ஒருவனும் போவான். எல்லோருக்கும் சேர்த்து ஒரு சராசரி. அதைத் திருக முடியாதபடி மூடிய குழாய்க்குள் வைத்துவிட்டால் செலவும் குறைவு, யாரும் கெடுக்கவும் முடியாது. பழுதானால் தூக்கிப் போட்டு வேறு மாட்டு. காஸ்ட் அக்கவுண்டிங் எழுதியவனுக்கு இந்த முடிவில் தப்பே தெரியாது.

செலவுக் கணக்கின் உச்சம் என்றால் அது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் ஜெனரல் மோட்டார்ஸில் ஷெவர்லே கேடட் என்ற சின்னக் காருக்குப் பொறுப்பாளராக இருந்தார். 1947-ல் அந்தத் திட்டத்தைக் கம்பெனி கைவிட்டது. அவர் ஃபோர்டுக்குப் போய்விட்டார். 1950-ல் பிரிட்டிஷ் ஃபோர்டின் கான்சல், ஸெஃபிர் கார்களில் அவருடைய யோசனை சாலைக்கு வந்தது. ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங்கை ஏற்றி வைத்து, அந்த ஷாக்கையே சக்கரத்தைப் பிடிக்கும் தூணாகவும் ஆக்கிவிட்டார். பாகம் குறைவு, இடம் குறைவு, செலவு குறைவு. இன்று நம் தெருவில் நிற்கும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இதுதான்.

ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் என்ற இந்தக் குடும்பத்தின் ரேஸ் பிள்ளையைத்தான் இன்று "காயில்ஓவர்" என்கிறார்கள். ஷாக்கின் குழாய்க்கு வெளியே திருகு மரை வெட்டி, அதில் ஒரு வளையத்தை மாட்டி, அதன் மேல் ஸ்பிரிங்கை உட்கார வைத்தால் ஆயிற்று. வளையத்தை மேலே திருகினால் கார் உயரும், கீழே இறக்கினால் கார் தாழும்.

வரிக்கு ஒரு வழி

குடும்பக் கார்களில் திருகு மறைந்த காலத்திலும் ரேஸ் ஓட்டுபவர்கள் அதை விடவில்லை. ஹாலந்தில் கோனி என்ற கம்பெனி 1857-ல் குதிரைக்குச் சேணம் செய்ய ஆரம்பித்தது. கார் வந்ததும் தொழில் படுத்துவிடுமே என்று அழாமல், 1932-ல் ஷாக் செய்யத் தொடங்கியது. 1945-ல் சரிசெய்யக்கூடிய குழாய் வகை ஷாக்கையும் கொண்டுவந்தது. குதிரை போனாலும் குலுக்கல் போகவில்லை, அதை வைத்துப் பிழைத்துக்கொண்டார்கள்!

பிரெஞ்சுக்காரர் போர்சியே த கார்போன், எண்ணெயோடு அழுத்தமான வாயுவையும் ஒரே குழாயில் அடைத்து, எண்ணெய் நுரைத்துப் போகாமல் தடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதை வாங்கி, 1957 முதல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குக் கொடுத்தது. இன்று விற்கும் நல்ல காயில்ஓவர்களில் பல இந்த ஒற்றைக் குழாய் வகைதான்.

அதே 1957-ல் இங்கிலாந்தில் இன்னொரு விஷயம் நடந்தது. காலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்ற காரைக் கொண்டுவந்தார். அரை டன்னை ஒட்டிய எடை, கதவு கிடையாது, சொகுசு கிடையாது. நான்கு மூலையிலும் ஷாக்கின் மேல் ஏறிய ஸ்பிரிங். முக்கியமான விஷயம், இதைப் பெட்டியில் போட்ட பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம்.

ஏன் அப்படி? வரி! அன்றைய பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற கனமான வரி உண்டு. பாகங்களாக வாங்கி நீங்களே கட்டிக்கொண்டால் அது இல்லை. ஆனால் பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு கொடுத்தால் அது கார் விற்றதாகிவிடும் என்று விதி இருந்ததாம். அதனால் லோட்டஸ் கழற்றும் முறையைச் சொல்லும் கையேடு கொடுத்து, பின்னாலிருந்து முன்னாகப் படித்துக்கொள்ளச் சொன்னது என்று ஒரு கதை ரொம்பப் பிரபலம். நம் ஊர் ஆடிட்டர்கள் கேட்டால் கும்பிடுவார்கள்.

1973-ல் பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு செவனை உருவாக்கும் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. ஆனால் அந்தப் பதினாறு வருடத்தில் ஒரு பழக்கம் உருவாகிவிட்டது. சாதாரணச் சம்பளக்காரன் ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையில் சஸ்பென்ஷனைத் தானே பூட்டி, ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்குப் போய், திங்கட்கிழமை வேலைக்குப் போகும் பழக்கம். வரியை மிச்சம் பிடிக்கப் போனவன், வண்டியைப் புரிந்துகொண்டு வந்தான்.

ஹிரோஷிமாவிலிருந்து வந்த சின்னக் கார்

லோட்டஸின் இன்னொரு கார் 1962-ல் வந்த எலான். அந்த மாதிரி லேசான, கூரை திறந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களின் நினைவில் ஹிரோஷிமாவின் மாஸ்டா ஒரு காரைச் செய்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் காட்டப்பட்ட எம்எக்ஸ்-5. அமெரிக்கர்களுக்கு மியாட்டா, ஜப்பானியர்களுக்கு யூனோஸ் ரோட்ஸ்டர். குதிரையும் வீரனும் ஒரே உடல் என்ற பொருளில் "ஜின்பா இட்டாய்" என்பதுதான் அதைச் செய்தவர்களின் தாரக மந்திரம்.

இதன் நான்கு சக்கரத்திலும் மேலும் கீழும் இரண்டு கைகள், நடுவில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த கட்டு. விலை உயர்ந்த ரேஸ் கார் பாணி அமைப்பு, கைக்கு எட்டும் விலையில். 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் செய்தாகிவிட்டது. பழைய கார் விலை இறங்க இறங்க, அது மாணவர்கள் கைக்கும் வந்தது. தொழிற்சாலை ஷாக் தேய்ந்துபோனபோது, "எப்படியும் மாற்றத்தானே வேண்டும், காயில்ஓவரே போடுவோம்" என்று முடிவு செய்தவர்கள் ஏராளம். வீட்டில் சஸ்பென்ஷன் மாற்றுவது எப்படி என்று தேடினால் இந்தக் கார் வந்து முன்னால் நிற்பது இதனால்தான்.

ஜப்பானில் காயில்ஓவரை "ஷாகோச்சோ" என்கிறார்கள். வண்டி உயரம் சரிசெய்வது என்பதன் சுருக்கம். அங்கே இந்தத் தொழில் வளர்ந்ததில் 1995-க்கு ஒரு பங்கு உண்டு. அந்த ஆண்டு அமெரிக்காவும் ஜப்பானும் கார் வர்த்தகத்தில் முட்டிக்கொண்டன. ஜப்பானின் 13 சொகுசுக் கார் மாடல்களுக்கு 100 சதவீத வரி போடுவேன் என்று மே மாதம் அமெரிக்கா மிரட்டியது. ஜூன் கடைசியில் உடன்பாடு. அமெரிக்காவின் புகார்களில் ஒன்று, ஜப்பானில் ஒரு நீண்ட "முக்கியப் பாகங்கள்" பட்டியல் இருக்கிறது, அதில் உள்ளதைக் கழற்றி மாற்ற அரசு அங்கீகாரம் பெற்ற பட்டறை வேண்டும், அந்தப் பட்டறைகளோ கார் கம்பெனியின் பாகங்களையே வாங்குகின்றன என்பது. உடன்பாட்டில் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவற்றில் ஷாக் அப்சார்பரும் ஸ்ட்ரட்டும் உண்டு!

அதே ஆண்டு நவம்பரில் ஜப்பான் வண்டிச் சோதனை விதிகளையும் தளர்த்தியது. ஸ்பிரிங், ஷாக் போன்றவற்றை மாற்றினால் தனியாக மாற்று அனுமதி வாங்க வேண்டிய தொல்லை பெரும்பாலும் போனது. தரைக்கும் காருக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது போன்ற விதிகள் மட்டும் நிற்கின்றன. தற்செயலாக, மலைப்பாதையில் பழைய டொயோட்டாவை ஓட்டும் பையனின் கதையான "இனிஷியல் டி" படக்கதை தொடங்கியதும் 1995-ல்தான். ஆசையும் அனுமதியும் ஒரே வருடத்தில் வந்தால் கடைக்காரருக்குக் கொண்டாட்டம்தானே.

ஆக, வீட்டு வாசலில் ஒருவன் பிறை ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவனுக்குப் பின்னால் ஒரு வரிச் சட்டமும் ஒரு வர்த்தக ஒப்பந்தமும் நிற்கின்றன. இன்ஜினியரிங் நண்பர்கள் இனிமேல் எங்களைக் கிண்டல் செய்யும் முன் யோசிக்கவும்.

வாசலில் நடக்கும் வேலை

சரி, அவன் என்னதான் செய்கிறான்? பார்த்தால் சுலபம்தான். சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே உள்ள வளைவு விளிம்புவரை அளந்து எழுதி வைத்துக்கொள்கிறான். ஜாக்கியால் தூக்கி, காரை ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைக்கிறான். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக்கூடாது. இதைச் சும்மா சொல்லவில்லை, ஜாக்கி நழுவினால் அடுத்த வாய்ப்பு கிடையாது. பழைய கட்டைக் கழற்றி, புதியதை மாட்டி, போல்ட்டுகளைப் போடுகிறான்.

ஆனால் ஒவ்வொரு படியிலும் மேலே சொன்ன வரலாறு ஒளிந்திருக்கிறது.

பழைய கட்டிலிருந்து மேல் தாங்கியை எடுத்து மறுபடி பயன்படுத்த வேண்டியிருந்தால், அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். அதற்கென்று உள்ள கருவியால் இறுக்கிப் பிடிக்காமல் நட்டைக் கழற்றினால், ஹூக்கின் விதி முகத்துக்கு நேராக வேலை செய்யும்.

வளையத்தைத் திருகுவது ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. நான் பைக்கில் செய்த தப்பே இதுதான். சாதாரண ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியின் தடிமனிலும், சுற்றின் அகலத்திலும், எண்ணிக்கையிலும் இருக்கிறது. வளையம் அது உட்காரும் இடத்தை மட்டுமே மாற்றுகிறது. நான் வண்டியைக் கடினமாக்கவில்லை, ஒரு பக்கத்தை மட்டும் மேலே தள்ளிவிட்டிருக்கிறேன். ரேஸ் காரன் ஆகப் போனவன் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்த கதை.

காருக்கு நான்கு மூலை என்பதால் சிக்கல் இன்னும் அதிகம். ஒரு மூலையை ஏற்றினால் அந்த மூலைக்கும் அதற்கு எதிர்மூலைக்கும் எடை கூடும், மற்ற இரண்டுக்கும் குறையும். ஒரு கால் நீளமான மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனால் இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் வேறு மாதிரி திரும்பும். அதனால்தான் ரேஸ்காரர்கள் நான்கு சக்கரத்தின் அடியிலும் எடைத்தட்டு வைத்து, ஓட்டுபவரையும் உள்ளே உட்கார வைத்து சரிபார்க்கிறார்கள்.

ரொம்பத் தாழ்த்தினால் ஸ்பிரிங் அமுங்க இடம் இருக்காது. சின்னப் பள்ளத்திலேயே ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். இடித்த நொடியில் ஸ்பிரிங் இல்லாத வண்டி அது. வளைவின் நடுவில் அப்படி ஆனால் டயர் சாலையை விட்டுவிடும். காயில்ஓவர் வாங்கக் காசில்லாமல் பழைய ஸ்பிரிங்கையே அறுத்துத் தாழ்த்துபவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். உயரத்தை மட்டும் பார்த்து அறுத்துவிட்டு, அதோடு சேர வேண்டிய கடினத்தையும் ஷாக்கையும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆலி முன் ஸ்பிரிங்கையும் பின் ஸ்பிரிங்கையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்து வைத்த கணக்கு அங்கே கலைந்துவிடுகிறது. அது கலையும்போது யாரும் மணி அடித்துச் சொல்வதில்லை.

கைகளை இணைக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டைக் கார் தூக்கி நிற்கும்போதே கடைசிவரை இறுக்கக்கூடாது. சக்கரத்தில் எடை இறங்கியபிறகுதான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். ஷாக்கின் திருகை முழுக்க இறுக்கிவிட்டு, அங்கிருந்து "டிக், டிக்" என்று எண்ணிக்கொண்டே தளர்த்த வேண்டும். இடமும் வலமும் ஒரே எண்ணிக்கை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே எழுதி வைக்க வேண்டும். கணக்குப் பதிவியலில் முதல் பாடம் எதுவோ அதுதான். கடைசியாக வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறிவிடும். இந்த ஒன்றுக்கு மட்டும் கௌரவம் பார்க்காமல் கடைக்குப் போய்விட வேண்டும்.

இதையெல்லாம் செய்தால் கிடைப்பது என்ன? வளைவில் குறைவான சாய்வு, ஸ்டியரிங் சொன்னதை உடனே கேட்கும் முன்பக்கம். கொடுப்பது என்ன? பள்ளத்தில் முதுகு, மழைக்காலச் சாலையில் கொஞ்சம் பிடிமானம், பக்கத்து இருக்கையில் உட்காரும் அம்மாவின் பொறுமை. கம்பெனி கொடுத்த சராசரியில் இதெல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். நாம் அந்தக் கணக்கைக் கலைத்து நமக்கென்று புதிதாக எழுதுகிறோம். எழுதலாம், தப்பில்லை. ஆனால் பழைய கணக்கு ஏன் அப்படி இருந்தது என்று தெரியாமல் அழித்தால், பேலன்ஸ் ஷீட் எப்படி டேலி ஆகும்?

முடிவாக

இந்த நூறு வருடக் கதையில் திருகு இரண்டு முறை கை மாறியிருக்கிறது. ஹார்ட்ஃபோர்டின் நட்டு காலத்தில் அது வண்டிக்காரனிடம் இருந்தது. அவனுக்கு அறிவியல் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் உரிமை இருந்தது. பிறகு கம்பெனி எடுத்துக்கொண்டது. அவர்களிடம் அறிவியல் இருந்தது, நமக்கு உரிமை இல்லை. இன்று பெட்டியில் போட்டு மறுபடி நம் கையிலேயே கொடுக்கிறார்கள். இந்த முறை அறிவும் நம் பொறுப்பு. பெட்டியோடு பாகம் வரும், பிறை ஸ்பேனர் வரும். ஆலியின் சோதனைத் தளம் வராது. அதற்குப் பதிலாக நம்மிடம் இருப்பது ஒரு அளவு நாடாவும், ஒரு நோட்டுப் புத்தகமும், தப்பென்றால் ஒப்புக்கொள்ளும் மனதும்தான்.

அப்பாவின் பைக்கை மெக்கானிக் அண்ணன்தான் சரிசெய்தார். துருப்பிடித்த வளையத்தில் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, இரண்டு பக்கமும் மூன்றாவது படியில் நிறுத்தினார். அம்மா பின்னால் உட்காரும் வண்டி அது என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு இல்லை. இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போதுதான் அது உறைத்தது.

நேற்று அந்த வழியாகப் போனபோது கடையில் நின்று, "அண்ணே, அன்னைக்கு கை வச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டு, பிறை ஸ்பேனரை என் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்ற வேறொரு வண்டியைக் காட்டினார். "ரெண்டு பக்கமும் எண்ணிப் பாத்து திருப்பு."

எண்ணிப் பார்த்துத்தான் திருப்பினேன்.

பி.கு: அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வு. அதைப் படிக்காமல் இதை எழுதியிருக்கிறேன் என்பதை என் வகுப்பு நண்பர்கள் யாரும் சாரிடம் போட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன் :-)